கதிரவன் தரும் ஒளியும் காக்கும் கைகளும்

(கெடா மாநிலத் தோட்டப்புறப் பெற்றோர், இளைஞர் கூட்டமொன்றில் தகவல் அதிகாரி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தீவுகளில் வாழும் மக்களுக்கும் அவர்தம் போக்குவரத்துக்கும் சூரியனைக் கொண்டும் காற்றைக் கொண்டும் மின்சாரம் தருவது எவ்வாறு என்பதுபற்றி இன்று பேச வந்துள்ளேன். தலைப்பை அறிவித்தபொழுது, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர் ஒருவர், "நாமோ தோட்டத்திலும் தாமானிலும் குடியிருப்பவர்கள், தீவைப்பற்றி நமக்கென்ன?" என்று அருகிலிருந்தவரிடம் கேட்டது என் செவியில் விழுந்தது. மிகவும் நியாயமான கேள்வி. எனவே, அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

தோட்டமும் ஒரு தீவே

நான் பிறந்து வளர்ந்தது பாலிங் வட்டாரத்தில், பெருஞ்சாலையை விட்டு நெடுந்தூரம் உள்ளே அமைந்த ஒரு ரப்பர்த் தோட்டம். நாற்புறமும் பால்மரங்கள், நடுவே லயங்கள். நாட்டின் மின்கம்பிகள் அங்கு வந்து சேராத காலம் அது. ஸ்டோருக்குப் பின்னால், தகரக் கொட்டகை ஒன்றில், டீசலால் ஓடும் மின்னாக்கி ஒன்று இருந்தது. அதனை நாங்கள் "இஞ்சின்" என்போம். மாலை ஆறரை மணிக்கு அஃது உறுமத் தொடங்கினால் லயங்களில் விளக்கு எரியும். இரவு பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்பொழுது விளக்குகள் மூன்று முறை மங்கி மீளும். அது முன்னறிவிப்பு. அதற்குள் பாயை விரித்தாக வேண்டும். மறுநாள் வேலைக்குரிய பால்வெட்டுக் கத்தியை எடுத்து வைத்தாக வேண்டும். பாடத்தை முடித்தாக வேண்டும். பிறகு தோட்டம் முழுவதும் இருளில் மூழ்கிவிடும்.

அந்த இஞ்சினைப் பேணி வந்தவரைச் சிறுவர்களாகிய நாங்கள் "இஞ்சின் மாமா" என்று அழைப்போம். அவர் எந்தச் சான்றிதழும் பெற்றவர் அல்லர். ஆயினும், இயந்திரத்தின் ஓசையில் சிறு மாற்றம் தோன்றினாலும், சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து ஓடுவார். அவர் பணியிலிருந்த காலம்வரை எங்கள் லயங்களில் விளக்கு எரியாத நாள்கள் மிகக் குறைவு. வயது நிறைந்து அவர் ஓய்வு பெற்றார். தமக்குப் பின் ஒருவனைப் பழக்கித் தருமாறு அவரை எவரும் கேட்கவில்லை. சில மாதங்களில் இயந்திரம் பழுதுற்றது. உதிரிப் பாகம் வரவேண்டும் என்றார்கள். அது வந்தபின், அதனைப் பொருத்தத் தெரிந்தவர் வரவேண்டும் என்றார்கள். இவ்வாறு ஏழு வாரங்கள் இருளிலேயே கழிந்தன. நான் ஆறாம் ஆண்டுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த ஆண்டு அது. இரவெல்லாம் மண்ணெண்ணெய் விளக்கின் அருகே அமர்ந்து படித்துவிட்டு, காலையில் மூக்கைத் துடைத்தால் துணி கறுத்துவிடும். என்னுடன் படித்தோருள் பலர் அவ்வாண்டுத் தேர்வில் பின்தங்கினர். அதற்கு இருள் ஒன்றே காரணம் என்று நான் கூறமாட்டேன். ஆனால், இருளும் ஒரு காரணமே.

அன்பர்களே! பின்னர் நான் ஆசிரியர் பயிற்சி பெற்று, தமிழ்ப்பள்ளியில் கற்பித்து, அதன்பின் இந்தத் தகவல் பணிக்கு வந்தேன். இத்தனை ஆண்டுகள் கழித்து எண்ணிப் பார்க்கும்பொழுது ஓர் உண்மை எனக்கு விளங்குகின்றது. எங்கள் விளக்கு மூன்று பொருள்களை நம்பியிருந்தது. ஒன்று, பொறி. இரண்டு, எரிபொருள். மூன்று, பேணத் தெரிந்த கை. இம்மூன்றில் ஒன்று தவறினும் இருள்தான். கடல் சூழ்ந்த தீவானாலும், மரங்கள் சூழ்ந்த தோட்டமானாலும் இந்தக் கணக்கு ஒன்றே. ஆதலால், தீவு மக்களின் நிலையை நம்மைவிட நன்கு உணரக்கூடியவர் வேறெவரும் இலர்.

தீவின் இடர்ப்பாடு

பெருநிலத்தில் ஓர் ஊருக்கு மின்சாரம் குறைந்தால், அடுத்த ஊரிலிருந்து கம்பி வழியே பெற்றுக்கொள்ளலாம். தீவுக்கு அண்டை வீடு இல்லை. அதற்கு இரண்டு வழிகளே உண்டு. கடலுக்கு அடியில் கம்பிவடம் பதித்துப் பெருநிலத்தோடு இணைத்துக்கொள்ளுதல் ஒரு வழி. தானே மின்சாரத்தை ஆக்கிக்கொள்ளுதல் மற்றொரு வழி.

நம் மாநிலத்தின் லங்காவி முதல் வழியைச் சார்ந்தது. 1987ஆம் ஆண்டில் வரியற்ற துறைமுகமாக அறிவிக்கப்பட்டது முதல் அங்குத் தங்கும் விடுதிகளும் கடைகளும் பெருகின. மின்சாரத் தேவையும் பெருகியது. கடலடிக் கம்பிவடங்கள் பெருநிலத்திலிருந்து அதற்கு மின்சாரம் தருகின்றன. மக்கள் நிறைந்த பெரிய தீவுக்கு இது பொருந்தும். ஆனால், சில நூறு பேர் மட்டுமே வாழும் சிறு தீவுக்குக் கடலடியில் கம்பிவடம் பதிப்பது, குருவியைச் சுமக்க யானையை அமர்த்துவது போன்றது. செலவு கட்டுப்படியாகாது. அதனால் உலகெங்கும் சிறு தீவுகள் டீசல் இஞ்சினையே நம்பி வாழ்ந்துள்ளன.

டீசல் எளிதில் கிடைப்பதுதானே என்று நினைக்கலாம். தீவில் அவ்வாறன்று. பீப்பாய்களில் அடைத்துப் படகிலேற்றி, அலை அடங்கிய நாள் பார்த்துக் கொண்டுசெல்ல வேண்டும். எண்ணெயின் விலையோடு ஏற்றுக்கூலியும் படகுக்கூலியும் சேரும். உலகச் சந்தையில் விலை ஏறினால், முதலில் வருந்துவது அந்தத் தீவின் மீனவனே. படகை ஓட்டவும் டீசல். பிடித்த மீனைக் காக்கப் பனிக்கட்டி செய்யவும் டீசல். இரவில் விளக்கெரிக்கவும் டீசல். அவனுடைய வருவாயின் ஒரு பங்கு புகையாகவே போய்விடுகின்றது.

ஒரு சிறு கணக்கு

ஆசிரியனாக இருந்தவனுக்குக் கணக்கில்லாமல் பேச வராது. ஆகவே, ஒரு கணக்கை உங்கள்முன் வைக்கின்றேன்.

ஐம்பது வீடுகள் உள்ள தீவுக் கிராமம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வீட்டுக்கு நாளொன்றுக்கு 5 யூனிட் என்றால், மொத்தம் 250 யூனிட். ஒரு லிட்டர் டீசலில் சிறிய மின்னாக்கி ஏறத்தாழ 3 யூனிட் மின்சாரம் தரும். எனவே, நாள்தோறும் 80 லிட்டருக்கு மேல் டீசல் வேண்டும். ஆண்டுக்கு ஏறத்தாழ 30,000 லிட்டர். அத்தனையும் படகில் வரவேண்டும்.

இனி, சூரியனைப் பார்ப்போம். நம் நாட்டில், ஒரு கிலோவாட் ஆற்றலுள்ள சூரிய ஒளித் தகடுகள் சராசரியாக நாளொன்றுக்கு 3.5 யூனிட் அளவில் மின்சாரம் தருகின்றன. இடையில் ஏற்படும் இழப்புகளையும் கணக்கிட்டால், அந்தக் கிராமத்துக்கு 90 கிலோவாட் அளவு தகடுகள் வேண்டும். அவற்றைப் பரப்ப எவ்வளவு இடம் வேண்டும்? நம் தோட்டத்துக் கால்பந்துத் திடலில் பத்தில் ஒரு பங்கு போதும். பள்ளிக்கூடத்துக் கூரையும் மண்டபத்துக் கூரையும் பல இடங்களில் இதற்குப் போதுமானவை.

ஆனால், இங்கே ஒரு சிக்கல் உண்டு. சூரியன் நண்பகலில் மிகுதியாகத் தருகின்றான். மனிதனோ மாலை ஏழு மணிக்குமேல்தான் மிகுதியாகக் கேட்கின்றான். நண்பகலில் வந்ததை இரவுக்குச் சேமிக்கவேண்டும். அதற்காகவே மின்கல அடுக்குகள், அதாவது பேட்டரிகள், வேண்டும். தகடு தரும் மின்சாரம் ஒரு வகை. நம் விளக்கும் மின்விசிறியும் ஏற்கும் மின்சாரம் வேறு வகை. ஒன்றை மற்றொன்றாக மாற்ற இன்வெர்ட்டர் என்னும் கருவி வேண்டும். தொடர்ந்து பல நாள் மழை கொட்டினால் என் செய்வது? அதற்காகப் பழைய டீசல் இஞ்சினையும் விற்றுவிடாமல், துணைக்கு வைத்துக்கொள்ள வேண்டும். சூரியன், காற்று, மின்கலம், டீசல் ஆகியவற்றை இவ்வாறு ஒன்றாகப் பிணைத்து இயக்குவதையே கலப்பு மின் முறை என்கின்றனர். இதில் டீசல் எசமானாக இருந்த நிலை மாறி, ஏவலாளாகிவிடுகின்றது.

செய்து பார்த்த தீவுகள்

இவையெல்லாம் ஏட்டுக் கணக்கோ என்று ஐயுற வேண்டா. திரெங்கானு மாநிலத்தின் சிறிய பெர்ஹெந்தியான் தீவில் 2007ஆம் ஆண்டிலேயே இத்தகைய கலப்பு மின் நிலையம் அமைக்கப்பட்டது. தலா 100 கிலோவாட் ஆற்றலுள்ள இரண்டு காற்றாலைகள், 100 கிலோவாட் சூரியத் தகடுகள், மின்கல அடுக்குகள், துணைக்கு டீசல் இஞ்சின்கள் என அது திட்டமிடப்பட்டது. கீழைக் கரையில் வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் வானம் மூடியிருக்கும். ஆனால் காற்று வலுத்திருக்கும். ஒன்று குறையும்போது மற்றொன்று ஈடுசெய்யும் என்பதே அந்தத் திட்டத்தின் கருத்து. நம் கெடாக் கரையில் காற்று பொதுவாக மெலிந்தது. ஆனால் வெயிலுக்குக் குறைவில்லை. ஆகவே, நமக்குச் சூரியனே முதல் துணை.

தமிழர் வாழும் தீவுகளுக்கும் இம்முயற்சி சென்றுள்ளது. நம் தோட்டங்களில் முற்காலத்தில் கிராணிகளாகவும், இரயில்வேயில் அதிகாரிகளாகவும் பணியாற்றிய யாழ்ப்பாணத்தாரை மூத்தோர் அறிவர். அந்த யாழ்ப்பாணத்தின் மேற்கே நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு என்னும் தீவுகள் உள்ளன. இலங்கையின் மின்கம்பித் தொடர் அவற்றை எட்டாமையால், டீசலே அவற்றின் துணையாக இருந்து வந்தது. இம்மூன்று தீவுகளிலும் கலப்பு மின் நிலையங்கள் அமைக்க 2022 மார்ச்சில் இந்தியாவும் இலங்கையும் உடன்படிக்கை செய்தன. 2024 மார்ச்சில், 1 கோடியே 10 இலட்சம் அமெரிக்க டாலர் இந்திய நன்கொடையில், அதற்கான ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 1,700 கிலோவாட் சூரியசக்தி, 530 கிலோவாட் காற்றுசக்தி, 2,400 யூனிட் சேமிக்கும் மின்கலங்கள், துணைக்கு 2,500 கிலோவாட் டீசல் என்பது அத்திட்டத்தின் அளவு. மீனவரும் ஆலயம் தொழச் செல்லும் அடியாரும் படகேறிச் செல்லும் அந்தத் தீவுகளை, நம் தோட்டங்களைப் போலவே எண்ணிப் பாருங்கள்.

பசிபிக் மாகடலில் தோக்கலாவ் என்னும் மூன்று சிறு பவளத்தீவுகள் உள்ளன. டீசலையே முற்றிலும் நம்பியிருந்த அவை, நியூசிலாந்தின் உதவியுடன் 2012ஆம் ஆண்டில் சூரிய மின்சாரத்துக்கு மாறின. உலக வரைபடத்தில் ஒரு புள்ளியளவும் தெரியாத இடத்தில் இது நடந்ததெனில், மற்ற இடங்களில் ஏன் நடவாது?

கடாரத்துக்கு வந்த காற்று

இனி, போக்குவரத்தைப் பார்ப்போம்.

நாம் வாழும் இந்தக் கெடா, பண்டைத் தமிழர் கடாரம் என்று போற்றிய நாடு. காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து குவிந்த பொருள்களுள் காழகத்துப் பொருளையும் பட்டினப்பாலை சேர்த்துச் சொல்கின்றது. காழகம் என்பது கடாரமே என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் எழுதினார். 1025ஆம் ஆண்டளவில் இராசேந்திர சோழனின் கடற்படை கடாரம் வந்தது. பூஜாங் பள்ளத்தாக்கின் கட்டட எச்சங்கள் அக்காலக் கடல் வாணிகத்துக்குச் சான்றாக இன்றும் நிற்கின்றன. அந்த மரக்கலங்களை ஓட்டியது எது? டீசலா? நிலக்கரியா? பருவக்காற்று! ஒரு பருவத்தில் வந்த காற்று அவர்களைக் கொண்டுவந்தது. மறு பருவத்தில் திரும்பிய காற்று அவர்களைக் கொண்டுசென்றது. பின்னர் நம் பாட்டன் பாட்டியர் வந்தது "ரஜூலா" முதலிய புகைக்கப்பல்களில். இன்று கோலக் கெடாவிலிருந்து நாம் லங்காவிக்குச் செல்வது டீசல் பெர்ரிகளில்.

எனவே, இயற்கையின் ஆற்றலால் கடலைக் கடப்பது நமக்குப் புதிதன்று. காற்றில் ஒரு குறை இருந்தது: அதனைச் சேமித்து வைக்க முடியவில்லை; அது வீசும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் குறையைத்தான் இன்றைய மின்கலம் நீக்கியுள்ளது.

கேரளத்தின் வைக்கம் என்னும் ஊரின் பெயரை, 1924ஆம் ஆண்டின் கோயில்தெருப் போராட்டத்தாலும் அதில் பெரியார் பங்கேற்றதாலும் நீங்கள் அறிவீர்கள். அதே வைக்கத்தில், வேம்பநாட்டுக் காயலின் குறுக்கே தவணக்கடவுக்குச் செல்ல, 2017 சனவரியில் "ஆதித்யா" என்னும் சூரியசக்திப் படகு விடப்பட்டது. 75 பேர் ஏறிச்செல்லும் அப்படகின் கூரையே மின் நிலையம். அரசு நீர்ப்போக்குவரத்துத் துறை அதனை நடத்துகின்றது. காட்சிக்கு வைத்த பொருள் அன்று அது. அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் செல்வோர் அன்றாடம் ஏறும் படகு. கொச்சியில் 2023 ஏப்ரலில், சுற்றியுள்ள தீவுகளை நகரத்தோடு இணைக்க, மின்கலத்தால் ஓடும் படகுகளைக் கொண்ட நீர்வழி மெட்ரோ தொடங்கப்பட்டது.

நார்வே நாட்டில் 2015ஆம் ஆண்டு முதல் "ஆம்பியர்" என்னும் பெர்ரி, கார்களையும் மக்களையும் ஏற்றிக்கொண்டு மின்கலத்தால் மட்டுமே ஓடுகின்றது. அதில் நாம் கற்கத்தக்க ஒரு நுட்பம் உண்டு. கரையிலிருந்த சிற்றூர்களின் மின்கம்பிகள், பெர்ரிக்குச் சில நிமிடங்களில் மின்னூட்டும் வலிமை அற்றவை. ஆகவே, இரு துறைகளிலும் பெரிய மின்கலங்களை வைத்தனர். அவை மெல்ல மெல்லக் கம்பியிலிருந்து மின்சாரத்தை நிரப்பிக்கொள்ளும். பெர்ரி வந்தவுடன் விரைந்து கொடுத்துவிடும். வீட்டில் குழாய்நீர் மெலிந்து வந்தால், தொட்டியில் நிரப்பி வைத்து வாளியால் முகந்துகொள்வது போன்ற முறையே இது.

லங்காவிக்குப் பொருந்துவது எது?

அப்படியானால், கோலக் கெடாவிலிருந்து லங்காவி செல்லும் விரைவுப் பெர்ரியை நாளைக்கே மின்கலத்தால் ஓட்டிவிடலாமா? முடியாது. அந்தக் கடல்வழி ஏறத்தாழ 50 கிலோமீட்டர். நீரில் வேகம் இரட்டித்தால், அதற்கு வேண்டிய ஆற்றல் இரட்டிப்பதோடு நில்லாது, பன்மடங்காகிவிடும். அத்தனை ஆற்றலையும் சுமக்கும் மின்கலத்தின் எடை படகையே அழுத்திவிடும். வைக்கத்தின் படகு செல்வது இரண்டரை கிலோமீட்டர். ஆம்பியர் கடப்பது ஆறு கிலோமீட்டருக்கும் குறைவு. ஆகவே, குறுகிய தொலைவு, மெதுவான வேகம், நிலையான நேரம் ஆகிய மூன்றும் உள்ள இடத்தில் முதலில் தொடங்குவதே அறிவுடைமை.

லங்காவியில் அத்தகைய இடங்கள் உண்டு. கூவா துறையிலிருந்து தூபா தீவுக்குச் செல்லும் படகுகளும், கிலிம் அலையாத்திக் காட்டுக்குள் சுற்றுலாப் பயணிகளை அழைத்துச் செல்லும் படகுகளும் அவ்வகையின. டீசல் புகையும் இரைச்சலும் இல்லாத படகு அலையாத்திக் காட்டுக்குள் செல்லுமாயின், பயணிகளும் மகிழ்வர். கழுகும் குரங்கும் அஞ்சா.

நிலத்தில் ஓடும் வண்டிகளுக்கோ, தீவைப்போல் ஏற்ற இடம் வேறில்லை. லங்காவியைச் சுற்றி வந்தாலும் 100 கிலோமீட்டர் ஆகாது. வழியில் மின்கலம் தீர்ந்துவிடுமோ என்ற அச்சம் தேவையில்லை. 2030ஆம் ஆண்டுக்குள் லங்காவியைக் கரியமிலம் குறைந்த தீவாக்குவது என்னும் குறிக்கோளை அரசாங்கம் அறிவித்துள்ளதும் இதனாலேயே. ஆனால், இங்கே ஒன்றை மறைக்காமல் கூறவேண்டும். கடலடிக் கம்பி வழியே அங்கு வரும் மின்சாரத்தின் பெரும்பகுதி, பெருநிலத்தில் நிலக்கரியையும் எரிவாயுவையும் எரித்துப் பெறுவது. அந்த மின்சாரத்தால் காரை ஓட்டினால், லங்காவியில் புகை இராது. வேறோர் ஊரில் இருக்கும். விடுதிகளின் கூரைகளிலும் வாகன நிறுத்துமிடங்களின் மேலும் தகடுகளைப் பதித்து, நண்பகலில் நின்றுகொண்டிருக்கும் வண்டிகளுக்கு அந்த மின்சாரத்தையே ஊட்டினால்தான் குறிக்கோள் நிறைவேறும்.

யாருடைய காற்றாலை?

டென்மார்க்கில் சாம்சோ என்னும் தீவு உண்டு. ஏறத்தாழ 4,000 மக்கள் வாழும் உழவர் தீவு. 1997ஆம் ஆண்டில் அது நாட்டின் மாதிரித் தீவாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. சில ஆண்டுகளிலேயே நிலத்தில் 11 காற்றாலைகளும் கடலில் 10 காற்றாலைகளும் நிறுவப்பட்டன. வெளியூர் முதலாளி ஒருவர் வந்து நட்டுச் சென்றவை அல்ல அவை. உழவர்களும் ஊராரும் பங்கு போட்டு அவற்றில் உரிமை கொண்டனர். காற்றாலை சுழன்றால் தமக்கு வருவாய். நின்றால் தமக்கு இழப்பு. எனவே, அது நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வது ஊரின் வேலையாயிற்று.

இது நமக்குப் புதிய பாடமா? இல்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டபொழுது, 1960ஆம் ஆண்டில் துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார்கள். மாதம் பத்து வெள்ளி என்று பாட்டாளிகள் சேமித்துத் தோட்டங்களையே விலைக்கு வாங்கினார்கள். அச்சங்கம் முதலில் வாங்கியது நம் கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டம். பத்து வெள்ளியில் தோட்டம் வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகளுக்குப் பங்கு போட்டு ஒரு மண்டபத்தின்மீது சூரியத் தகடு பதிப்பது இயலாத செயலன்று.

மூன்றாவது பொருள்

அன்பர்களே! தொடக்கத்தில் நான் கூறிய மூன்று பொருள்களுக்கு மீண்டும் வருகின்றேன்.

எரிபொருளைக் கதிரவன் தருகின்றான், கூலி கேட்பதில்லை. பொறியைப் பொறுத்தவரை, அது நம் கண்முன்னேயே செய்யப்படுகின்றது. கூலிமில் பர்ஸ்ட் சோலார் தொழிற்சாலை 2008ஆம் ஆண்டு முதல் சூரியத் தகடுகளைச் செய்து உலகுக்கு அனுப்புகின்றது. மின்சாரக் கார்களுக்கும் சூரிய மின் நிலையங்களுக்கும் வேண்டிய சிலிக்கன் கார்பைடு சில்லுகளைச் செய்யும் இன்பினியன் நிறுவனத்தின் புதிய ஆலை, அதே கூலிமில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. குரூணில் 50 மெகாவாட் சூரிய மின் நிலையம் இயங்குகின்றது. பாடாங் செராயிலும் லூனாசிலும் சுங்கைப் பட்டாணியிலும் விடியற்காலையில் தொழிற்சாலைப் பேருந்துக்குக் காத்து நிற்கும் நம் பிள்ளைகள் பலர், எங்கோ ஒரு தீவில் விளக்கெரியக் காரணமான பொருளைத் தம் கைகளால் செய்துவிட்டு வீடு திரும்புகின்றனர். அவர்களுள் எத்தனை பேருக்கு அது தெரியும்?

எஞ்சியிருப்பது மூன்றாவது பொருள்; பேணத் தெரிந்த கை. அதனைக் கதிரவனும் தரமாட்டான். தொழிற்சாலையும் பெட்டியில் வைத்து அனுப்பாது. கடற்காற்றின் உப்பு, இணைப்புகளையும் திருகாணிகளையும் அரிக்கும். தகட்டின்மேல் பறவை எச்சமும் தூசும் படிந்தால் மின்சாரம் குறையும். இன்வெர்ட்டரில் ஒரு சிறு பலகை கெட்டால் முழு நிலையமும் நின்றுபோகும். மின்கலம் பத்து ஆண்டளவில் மூப்படையும். மாற்றுவதற்கு முன்கூட்டியே பணம் சேர்த்து வைக்க வேண்டும். திறப்பு விழாவில் நாடாவை வெட்டுவதற்கு ஆள் கிடைப்பார். பத்தாம் ஆண்டில் ஏணியில் ஏறித் தகட்டைத் துடைப்பதற்கு ஆள் வேண்டும். அந்த ஆள் தீவிலேயே, ஊரிலேயே இருக்க வேண்டும். இல்லையெனில், என் தோட்டத்தின் ஏழு வார இருள் எந்தத் தீவிலும் மீண்டும் வரும்.

இளைஞர்களே! இந்த வேலை உங்களுக்காகக் காத்திருக்கின்றது. பள்ளியில் மதிப்பெண் குறைந்தவன் என்று பெயரெடுத்தவர்களுக்கும் இதில் இடமுண்டு. சுங்கைப் பட்டாணியில் தொழிற்கல்விக் கல்லூரி உள்ளது. கூலிமிலும் ஜித்ராவிலும் பாலிடெக்னிக்குகள் உள்ளன. மின்கம்பி இணைப்பாளர் தகுதிச் சான்றிதழை எரிசக்தி ஆணையம் வழங்குகின்றது. அச்சான்றிதழ் பெற்றோர்க்குச் சூரிய மின் அமைப்பில் மேற்பயிற்சியும் உண்டு. பிறருடைய வீட்டுக் கூரையில் சூரியத் தகட்டை முறைப்படி இணைக்கக் கைத்திறன் மட்டும் போதாது, சான்றிதழும் வேண்டும். மின்சாரம் பிழையைப் பொறுக்காது.

பெற்றோர்களே! "படித்தவன் மேசையில்தான் அமர வேண்டும்" என்னும் எண்ணத்தைச் சற்றே ஒதுக்கி வையுங்கள். கையில் கருவி ஏந்தியவன் மேசையில் அமர்ந்தவனுக்குக் குறைந்தவன் அல்லன். பெண்பிள்ளைகளையும் இதற்கு அனுப்பத் தயங்காதீர்கள். கூலிம் தொழிற்சாலைகளில் நுண்ணிய வேலைகளை நாள்தோறும் செய்யும் நம் பெண்களுக்கு, இன்வெர்ட்டரைத் திறந்து பழுது பார்ப்பது அரிய செயலாகாது.

தோட்டத் தலைவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்த மண்டபத்தின் கூரையிலோ பள்ளியின் கூரையிலோ சூரியத் தகடு பதிக்கும் நாள் வருமாயின், அன்றே இரண்டு இளைஞர்களைத் தேர்ந்தெடுங்கள். பதிக்க வருபவர்களுடன் அவர்களை நிற்க வையுங்கள். எந்தக் கம்பி எங்குச் செல்கின்றது என்பதை அவர்கள் எழுதி வைக்கட்டும். ஐந்தாண்டுக்குப் பின் அவ்விருவரும் வேறு இருவரைப் பழக்கட்டும். பெரும்பொருள் செலவாகாத ஏற்பாடு இது. ஆனால், இதனைச் செய்யாமல் விட்டதன் விலையை என் வகுப்புத் தோழர்கள் கொடுத்திருக்கிறார்கள்.

முன்வரிசைப் பெரியவர் அவர்களே! தீவைப்பற்றி நமக்கென்ன என்று கேட்டீர்கள். தீவு மக்களுக்கு இன்று தேவைப்படுவோர், ஓசை மாறினால் சோற்றுத் தட்டை வைத்துவிட்டு எழுந்து ஓடும் மனிதர்கள். அத்தகையோரைத் தோட்டம் முன்னரே பெற்றிருந்தது. அவர்களுக்குச் சான்றிதழ் கொடுக்கவும், அவர்களிடமிருந்து கற்றுக்கொள்ளவும் அன்று நாம் தவறிவிட்டோம். இம்முறை தவறாதிருப்போம்.